முதல் பாடவேளைத் தூக்கமும் மூளையின் வேதியியலும்

கல்வராயன் மலையில் ஒரு பள்ளியில் அறிவியல் கற்பிக்கிறேன். பத்தாம் வகுப்பில் முதல் பாடவேளையில் நான்கைந்து பேராவது கண் செருகி அமர்ந்திருப்பர். கள்ளக்குறிச்சியில் நடக்கும் பயிற்சிகளில் சந்திக்கும் சமவெளிப் பள்ளி ஆசிரியர்களும் இதையே சொல்கின்றனர். நாம் சோம்பல் என்று கருதும் இந்நிலைக்குப் பெரும்பாலும் உடலியல் காரணம் உண்டு. அதை மாணவர்களுக்கே பாடமாக்கலாம்.

உடலைத் தூக்கத்திற்கு ஆயத்தப்படுத்தும் ஹார்மோன் மெலட்டோனின். மூளையின் நடுவே உள்ள பினியல் சுரப்பி இதைச் சுரக்கிறது. 1958இல் அமெரிக்காவின் ஏல் பல்கலைக்கழகத்தில் ஆரன் லெர்னர் குழுவினர் மாடுகளின் பினியல் சுரப்பிகளிலிருந்து இதைப் பிரித்தெடுத்தனர்.

மெலட்டோனினின் மூலப்பொருள் செரட்டோனின் என்னும் நரம்புணர்வு கடத்தி. முட்டை, பருப்பு, பால் ஆகியவற்றில் உள்ள டிரிப்டோபன் என்ற அமினோ அமிலத்திலிருந்து செரட்டோனின் உருவாகிறது. பகலில் பினியல் சுரப்பியில் செரட்டோனின் மிகுந்திருக்கும். இரவில் இரண்டு நொதிகள் அடுத்தடுத்துச் செயல்பட்டு அதை மெலட்டோனினாக மாற்றுகின்றன.

இரவு வந்ததைச் சுரப்பிக்கு அறிவிப்பது யார்? ஹைபோதலாமஸில் உள்ள சிறு நரம்பணுத் தொகுப்பே நம் உடல் கடிகாரம். விழித்திரையிலிருந்து வரும் ஒளிச் செய்தியைக் கொண்டு அது தன் நேரத்தைச் சரிசெய்துகொள்கிறது. இரவில் பினியலுக்குச் செல்லும் நரம்பு முனைகள் நார் அட்ரினலினை வெளியிடுகின்றன. அது முதல் நொதியைத் தூண்டுகிறது. கண்ணில் வலுவான ஒளி பட்டால் இச்செயல் தடைபடும். விழிப்புக்குரியது என நாம் கற்பிக்கும் நார் அட்ரினலினே இங்கு தூக்க ஹார்மோனைச் சுரக்கச் செய்கிறது என்பது மாணவர்களை வியக்க வைக்கும். 1970இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட ஜூலியஸ் ஆக்சல்ராடு இச்செயல்பாட்டை விளக்கியவர்களுள் ஒருவர். நம் மாநிலத்திலும் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் எம்.கே. சந்திரசேகரன் வௌவால்களைக் கொண்டு உடல் கடிகாரத்தை ஆராய்ந்தார்.

வளரிளம் பருவத்தில் மெலட்டோனின் சுரக்கத் தொடங்கும் நேரம் இயல்பாகவே தள்ளிப்போகிறது. இரவில் கைபேசி ஒளி அதை மேலும் தள்ளிப்போடுகிறது. 13 முதல் 18 வயது வரை நாளொன்றுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை. 11 மணிக்குப் படுத்து 5 மணிக்கு எழும் மாணவருக்குக் கிடைப்பது 6 மணி நேரம் மட்டுமே.

வகுப்பறைச் செயல்பாடு: கண், உடல் கடிகாரம், நார் அட்ரினலின், நொதி, செரட்டோனின் என ஐந்து அட்டைகளை ஐந்து மாணவர்களிடம் கொடுத்து வரிசையாக நிறுத்துங்கள். விளக்கை அணைத்ததும் ஒருவர் அடுத்தவர் கையைத் தொட்டுச் செய்தியைக் கடத்த வேண்டும். செய்தி வந்ததும் கடைசி மாணவர் தம் அட்டையைத் திருப்பினால் பின்புறம் ‘மெலட்டோனின்’ என்றிருக்கும். கண்ணாக நிற்பவர் முன் கைவிளக்கை ஒளிரவிட்டால் சங்கிலி நின்றுவிடும். எட்டாம் வகுப்பினருக்கும் இது எளிதில் புரியும்.

பின்னர் ஒரு வாரம் படுத்த நேரம், கைபேசியை வைத்த நேரம், எழுந்த நேரம் ஆகியவற்றை மாணவர்கள் எழுதிவரட்டும். அதைக் கண்டிப்பதற்குப் பயன்படுத்த வேண்டாம்; பெற்றோரிடமும் விடுதிக் காப்பாளரிடமும் பேசப் பயன்படுத்துங்கள். உறங்கும் அறையில் விளக்கை அணைப்பது, காலை வணக்கக் கூட்டத்தை வெயில் படும் இடத்தில் நடத்துவது, அதிகாலைச் சிறப்பு வகுப்பின் நேரத்தை மறுபரிசீலனை செய்வது ஆகிய மூன்றும் செலவில்லாதவை, நம்மால் இயன்றவை.