மரத்தூள் இழைக் கொக்கி ஏன் ஒடிகிறது?

கேள்வி: மரத்தூள் கலந்த பி.எல்.ஏ. இழையில், 3டி பிரின்டரில் சாவிக் கொக்கி அச்சிட்டேன். சாவிக்கொத்தை மாட்டியதும் படக்கென்று ஒடிந்துவிட்டது. எந்த செட்டிங்கை மாற்ற வேண்டும்?

பதில்: ஒடிந்த துண்டை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். முறிவு அடுக்கின் கோட்டோடு வழவழப்பாகப் போயிருந்தால், அடுக்குகள் சரியாக ஒட்டவில்லை. குட்டிக் குட்டித் துளைகள் தெரிந்தால் ஈரம்தான் காரணம். மரத்தூள் ஈரத்தை உறிஞ்சும். சூடான நாசிலில் அது ஆவியாகிக் குமிழி விடும். அச்சிடும்போது சடசடவென்று சத்தம் வந்திருக்குமே! இழையை 45 முதல் 50 டிகிரியில் ஐந்தாறு மணி நேரம் உலர்த்துங்கள்.

அதைவிட முக்கியம், கொக்கியைப் படுக்கவைத்து அச்சிடுவது. நிற்கவைத்தால் மொத்த எடையையும் அடுக்குகளின் ஒட்டுதான் தாங்க வேண்டும். இந்தத் தவறை எந்த செட்டிங்காலும் சரிக்கட்ட முடியாது.

நாசில் சூட்டை 200 டிகிரியில் தொடங்கி, ஐந்தைந்தாக ஏற்றிப் பாருங்கள். சூடு கூடினால் ஒட்டு பலப்படும். ரொம்பக் கூடினால் தூள் கருகி நாசிலை அடைக்கும், 0.6 மி.மீ. நாசில் போட்டால் அந்தத் தொல்லை குறையும். விசிறியையும் வேகத்தையும் குறையுங்கள். உள்நிரப்பலை ஏற்றுவதற்கு முன், வெளிச்சுவரை நான்கு சுற்றாக்குங்கள். வளையும்போது இழுவிசை அதிகம் விழுவது விளிம்பில்தான்.

ஒன்றை மட்டும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். தூளும் பிளாஸ்டிக்கும் இறுகப் பிணைவதில்லை. மர இழை அழகுக்கானது. கனமான சாவிக்கொத்து என்றால், கொக்கியைச் சாதா பி.எல்.ஏ.வில் அச்சிட்டு, பின்பலகையை மட்டும் மர இழையில் செய்து திருகிவிடுங்கள்.