மழைக்கு முன் மனை பேணல்

வீடு கட்டுதல் ஒருமுறை நிகழ்வது; கட்டிய வீட்டைப் பேணுதல் ஆண்டுதோறும் நிகழ்வது. கட்டியவர் பெயரை வாயிலில் கல்லிற் பொறித்து வைப்பர். பேணியவர் பெயரை எவரும் எங்கும் பொறிப்பதில்லை. ஆயினும், அறுபது ஆண்டு கடந்த வீடு ஒன்று இன்றும் உறுதியாக நிற்குமாயின், அதற்குக் கொத்தனாரின் கைத்திறம் மட்டுமே காரணம் அன்று. ஆண்டுக்கு ஒருமுறை கூரையை நோக்கியவரும், மாடத்துத் தூம்பில் அடைத்த சருகை அள்ளியவரும், சுவரில் வெடிப்புக் கண்ட அன்றே அதனை அடைத்தவரும் அதற்குக் காரணர் ஆவர்.

வீட்டுக்குப் பகை பல. வெயில், காற்று, எலி, கறையான் எனப் பலவற்றைச் சொல்லலாம். அவற்றுள் தலையாயது நீரே. பிற பகைகளுட் பல, நீர் முன்னே சென்று வழிகாட்ட, அதன் பின்னே வருவன. கறையான் ஈரம் நாடி வரும். இரும்பு ஈரம் பட்டுத் துருவேறும். சுவர் ஈரம் குடித்து உப்புப் பூக்கும். தேங்கிய நீரிற் கொசு பெருகும். ஆதலின் வீடு பேணுவோர் முதலிற் கேட்கவேண்டிய வினா, ‘நீர் எவ்வழியாக உள்ளே வருகிறது, எங்கே தங்குகிறது?’ என்பதே.

தமிழ்நாடு ஓராண்டிற் பெறும் மழையில் ஏறத்தாழப் பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரை வீசும் வடகிழக்குப் பருவக்காற்றினாற் கிடைப்பது. ஐப்பசியிலும் கார்த்திகையிலும் அடைமழை பெய்யும்போது கூரைமேல் ஏறுதல் அரிது, சுவரும் உலராது. ஆகவே ஆவணியும் புரட்டாசியுமே வீட்டைச் செப்பனிடுதற்கு ஏற்ற காலம். செப்பம் என்பது நேர்மை, செம்மை என்னும் பொருளுடையது. கோணியதை நேராக்குவதும் சிதைந்ததைச் செம்மையாக்குவதும் செப்பனிடுதல் எனப்பட்டன. புதுக்குவது வேறு, செப்பனிடுவது வேறு என்பதை இச்சொல்லே காட்டுகிறது.

கூரையிலிருந்து தொடங்குவோம். முற்காலத்து வீடுகள் பலவும் நாட்டு ஓடு வேய்ந்தவை. குயவர் திரிகையில் வனைந்து சூளையிற் சுட்ட அவ்வோடுகள் இலேசானவை. பூனை ஓடினாலும் நிலைபெயரும். குரங்கு வந்தாற் சொல்லவேண்டுவதில்லை. ஆகையால் ஆண்டுதோறும் ஓட்டைப் பிரித்து, உடைந்தவற்றை நீக்கி, மீண்டும் அடுக்குவர். 1865-ஆம் ஆண்டு மங்களூரில் பாசல் மிஷனைச் சார்ந்தவர்கள் ஓட்டுத் தொழிற்சாலை ஒன்றை நிறுவினர். அங்கிருந்து பரவிய மங்களூர் ஓடு, ஒன்றன் விளிம்பு மற்றொன்றன் பள்ளத்திற் பொருந்துமாறு அமைந்தது, எளிதில் நழுவாது. எனினும் தென்னை மட்டை வீழ்ந்தால் அதுவும் உடையும். உடைந்த ஓடு ஒன்றேயாயினும், அதன் வழி இறங்கும் நீர் கீழுள்ள சட்டத்தை நனைத்து உளுக்கச் செய்யும். ஓடு ஒன்றின் விலை சிறிது. மரச்சட்டத்தின் விலையோ பெரிது.

தளம் போட்ட வீடுகளுக்கு இக்கவலை இல்லை என்று பலர் கருதுவர். அது பிழையான கருத்து. முன்னாளில் சென்னையிலும் பிற ஊர்களிலும் கட்டிய மச்சு வீடுகளில், தேக்குக் கட்டைகளின்மேல் மெல்லிய செங்கற்களைச் சாய்வாக நிறுத்தி அடுக்கி, அதன்மேற் செங்கல் சல்லியும் சுண்ணாம்பும் கலந்த கலவையைப் பரப்பி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்துத் தெளித்து நாட்கணக்கில் மரக்கட்டையால் அடிப்பர். அத்தளம் உறுதியாயிருந்ததற்கு அவ்வுழைப்பே காரணம். இக்காலத்துக் காங்கிரீட்டுத் தளத்தின் உள்ளே இரும்புக் கம்பிகள் இருக்கின்றன. தூம்பு வாயிற் சருகு அடைத்து மாடியில் நீர் தேங்கினால், அது நுண்ணிய வெடிப்பின் வழியே இறங்கிக் கம்பியைத் தொடும். இரும்பு துருவாக மாறும்போது முன்னிருந்த அளவினும் பருக்கும். பருத்த துரு தன்னைச் சூழ்ந்த காங்கிரீட்டை உள்ளிருந்தே தள்ள, அது பெயர்ந்து வீழும். தலைக்கு மேலிருந்து பெயர்ந்து வீழும் அந்தப் பாளத்துக்கு மூலம், ஒருநாள் அள்ளாமல் விட்ட ஒரு கைப்பிடிச் சருகே என்றால், அது மிகையன்று.

மாடியில் நின்று நோக்குவோர் கைப்பிடிச் சுவரின் வெளிப்புறத்தையும் எட்டிப் பார்த்தல் வேண்டும். காக்கையும் மைனாவும் ஆலம்பழத்தையும் அரசம்பழத்தையும் தின்று சுவர்மேல் எச்சமிடும். எச்சத்தில் உள்ள விதை, வெடிப்பில் தங்கிய சிறிது மண்ணையும் ஈரத்தையும் பற்றிக்கொண்டு முளைக்கும். இரண்டு மூன்று இலை விட்ட பருவத்தில் அதனை இரு விரலாற் பிடுங்கிவிடலாம். சுவருக்கு ஒரு தீங்கும் நேராது. அப்போது அது கண்ணுக்கு அழகாயிருக்கிறது என்று விட்டுவிடுவர். அடுத்த ஆண்டு அதன் வேர் செங்கற்களின் இடையே நெடுந்தூரம் ஓடியிருக்கும். வீட்டுக்காரர் அரிவாள் கொண்டு தண்டை வெட்டிவிட்டுப் பணி முடிந்தது என்று இறங்குவார். வேர் உள்ளே உயிரோடிருத்தலால், ஒன்றாயிருந்த தண்டு நான்காகத் தழைக்கும். வேர் பருக்கப் பருக்கச் சுவர் பிளக்கும்; பிளந்த வழியே மழைநீர் புகும்; புகுந்த நீர் வேரை மேலும் வளர்க்கும். இறுதியிற் செங்கற்களைப் பிரித்து வேரை எடுத்து மீண்டும் கட்டுதற்குக் கொத்தனாரை அழைக்க நேரும். அரசங்கன்றைப் பறிப்பதற்கு மனம் தயங்குவோரும் உளர். அவர்கள் இளங்கன்றை வேரோடு எடுத்துக் குளக்கரையில் நடலாம்; மரத்துக்கும் வாழ்வு, வீட்டுக்கும் வாழ்வு.

கூரையும் மாடியும் செப்பமான பின்னரே சுவர்க்கு வெள்ளையடித்தல் முறை. இம்முறையை மாற்றிச் செய்வோர் மிகப் பலர். ஈரம் ஊறும் சுவரின்மேற் பூசும் வண்ணம், நோயாளிமேற் போர்த்த பட்டாடை போன்றது. நோய் மறையுமேயன்றி நீங்காது. சில திங்களில் வண்ணம் கொப்புளித்து உதிரும். சுண்ணாம்புக் காரை பூசிய பழைய வீடுகளுக்கு எண்ணெய் வண்ணத்தைக் காட்டிலும் சுண்ணாம்பு வெள்ளையே நன்று. அச்சுவர் தான் கொண்ட ஈரத்தை வெள்ளையின் வழியே வெளிவிடும். எண்ணெய் வண்ணமோ அவ்வழியை அடைத்துவிடும்.

சுண்ணாம்பின் இயல்பு வியத்தற்குரியது. சுண்ணாம்புக் கல்லையோ கிளிஞ்சலையோ காளவாயிற் சுட்டால், அதிலிருந்து கரியமில வாயு பிரிந்து செல்லும். எஞ்சிய சுட்ட சுண்ணாம்பை நீரில் இட்டால் கொதித்துப் பொங்கிப் பொடியும். இதனையே நீற்றுதல் என்பர்; நீறு என்பது பொடி. அந்நீற்றைக் கரைத்துச் சுவரிற் பூசினால், அது காற்றில் உள்ள கரியமில வாயுவைச் சிறிது சிறிதாக மீண்டும் ஏற்று, தான் முன்பிருந்த கல்லாகவே மாறும். வெள்ளையடித்த சுவர் உண்மையில் மெல்லிய கற்போர்வை போர்த்த சுவராகும்.

நீற்றும்போது சுண்ணாம்பைத்தான் நீரிற் சிறிது சிறிதாக இடவேண்டும். சுண்ணாம்பின்மேல் நீரை ஊற்றினால் அது கொதித்துத் தெறிக்கும். அலுமினியப் பாத்திரம் ஆகாது. சுண்ணாம்பு அதனை அரித்துவிடும். ஓரிரவு ஊறவிட்டு, முரட்டுத் துணியில் வடிகட்டி, பிசினோ கஞ்சியோ சிறிது சேர்த்தால் பூச்சு கையில் ஒட்டாது. சிறிது நீலம் கலந்தால் பழுப்பு நீங்கி வெண்மை மிகும். முதற்பூச்சு காய்ந்த பின்னரே அடுத்த பூச்சு. இப்பணியில் இன்றியமையாத கருவி மட்டை அன்று, கண்ணாடியே. சுண்ணாம்பு கண்ணிற் பட்டால் பார்வையே கெடும். பட்டுவிட்டால் உடனே தூய நீரால் நெடுநேரம் கழுவி, தாழாது மருத்துவரிடம் செல்லுதல் வேண்டும்.

இனி, வீட்டினுள்ளே ஒழுகும் நீரைக் காண்போம். ஒழுகுதல் என்னும் சொல் தமிழில் இருபொருள் தருவது. மாந்தர் நெறியில் ஒழுகினால் அது மேன்மை. குழாய் ஒழுகினால் அது கேடு. ஒழுகும் குழாயின் கீழ் 200 மில்லி கொள்ளும் குவளையை வைத்துக் கால அளவு பார்க்க. அது கால்மணி நேரத்தில் நிறையுமாயின், ஒரு நாளில் 96 குவளை, அதாவது 19.2 லிட்டர் நீர் வீணாகும். ஓராண்டிற்கு 7,008 லிட்டர் ஆகும். கோடையிற் குடத்தோடு தெருவில் நிற்போர் இக்கணக்கை எளிதில் உணர்வர்.

இப்பழுதுக்குக் காரணம் பெரும்பாலும் வாஷர் எனப்படும் சிறு வட்டத் துண்டு தேய்ந்திருத்தலே. திருகிமூடும் குழாயில், பிடியைத் திருகும்போது உள்ளே ஒரு தண்டு இறங்கி, தன் அடியில் உள்ள வாஷரை நீர்வரும் துளையின்மேல் அழுத்தும். வாஷர் தேய்ந்தால் துளை முற்றும் மூடாது. தொட்டியிலிருந்து வரும் வால்வை முதலில் மூடி, குழாயைத் திறந்து எஞ்சிய நீரை வடித்து, ஸ்பேனரால் தலைப்பகுதியைக் கழற்றிப் புது வாஷரைப் பொருத்துதல் அரைமணி நேரப் பணி. சிலர் குழாய் ஒழுகுகிறது என்று மேன்மேலும் வலிந்து இறுக்குவர். அதனால் வாஷர் இன்னும் விரைவில் தேயுமேயொழியப் பயனில்லை. இப்பணியை ஆண் பெண் இருபாலாரும் கற்றல் நன்று.

வீட்டைச் சுற்றித் தேங்கும் நீரோ பொருட்கேட்டோடு நில்லாது உயிருக்கும் கேடு விளைப்பது. 1897-ஆம் ஆண்டு செகந்தராபாத்தில், ரொனால்டு ராஸ் என்னும் மருத்துவர் கொசுவின் வயிற்றுச் சுவரில் மலேரியாக் கிருமியைக் கண்டார். அதன் பயனாக 1902-இல் நோபல் பரிசு பெற்றார். டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையை நாடாது. வீட்டார் பொத்திச் சேமித்த நன்னீரையே நாடும். பீப்பாய், பூந்தொட்டித் தட்டு, எறிந்த டயர், தேங்காய்ச் சிரட்டை, குளிர்ப்பெட்டியின் பின்தட்டு ஆகிய யாவும் அதற்குத் தொட்டில்களே. முட்டை கொசுவாதற்கு ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாள் ஆகும். ஆதலின் வாரம் ஒருமுறை நீரைக் கொட்டவேண்டும். கொட்டினாற் போதாது. முட்டைகள் நீர்மட்டத்தை ஒட்டிப் பாத்திரத்தின் உட்புறத்தில் ஒட்டியிருந்து, காய்ந்த நிலையிலும் பல திங்கள் உயிரோடிருக்கும். நாரால் அழுத்தித் தேய்த்தலே வழி.

தன் கையாற் செய்யத்தகும் பணிகள் இவை. செய்யத்தகாதனவும் உள. ஈரச் சுவரில் உள்ள மின்விசையைத் தொடுதலும், உருகிப்போன ஃபியூஸ் கம்பிக்கு மாற்றாகத் தடித்த கம்பியைக் கட்டுதலும் ஆகா. வீட்டு மின்சாரம் 230 வோல்ட்டு அழுத்தம் உடையது. மின்பழுது கண்டால் முதன்மை விசையை நிறுத்தி மின்பணியாளரை அழைத்தலே தக்கது. குளியலறை துலக்கும் ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒருங்கே கலப்போர் உளர். இரண்டும் கூடினால் வெளிப்படுவது குளோரின் என்னும் நச்சுவாயு. தனித்தனியே பயன்படுவன, கூடினால் மூச்சை அடைக்கும்.

எல்லாவற்றினும் அஞ்சத்தக்கது கழிவுநீர்த் தொட்டி. அதனுள் திரளும் நச்சுவாயு ஓரிரு மூச்சில் ஆளை மயக்கி வீழ்த்தும். வீழ்ந்தவரைத் தூக்க இறங்கியவரும், அவரைத் தேடி இறங்கியவரும் மாண்ட செய்திகள் பல. நெடுநாள் மூடிக்கிடந்த கிணறும் இத்தகையதே. விளக்கை இறக்கிப் பார்க்கும் பழைய வழக்கத்தை நம்புதல் ஆகாது. உயிர்வளி குறைந்திருந்தால் விளக்கு அணையும். ஆனால் நச்சுவாயு இருப்பதை அது காட்டாது. எரியும் வாயு இருப்பின் விளக்கே தீக்குக் காரணமாகும். உரிய காப்பின்றி ஒருவரைக் கழிவுநீர்த் தொட்டியிலும் சாக்கடையிலும் இறக்கித் துப்புரவு செய்விப்பதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியுள்ளது. தான் இறங்கத் துணியாத குழியிற் கூலி தந்து பிறரை இறக்குதல், சட்டம் இல்லாவிடினும் கொடுமையே. உறிஞ்சு குழாய் பொருத்திய வண்டியை வரவழைத்து, மேலே நின்றவாறே தொட்டியை வெறுமையாக்குதல் வேண்டும்.

இவ்வளவும் செய்து முடித்த பின்னும், முதல் மழையன்று வீட்டை ஒருமுறை சுற்றிப் பார்த்தல் வேண்டும். எங்கேனும் சொட்டுமாயின், கரித்துண்டு ஒன்றால் அவ்விடத்தைக் குறித்துக்கொள்க. ஓட்டுக் கூரையில் உட்புகுந்த நீர் சட்டத்தின் வழியே சரிந்து ஓடிப் பின்னரே சொட்டுதலால், உடைந்த ஓடு பெரும்பாலும் சொட்டும் இடத்துக்கு நேர்மேலே இராது. சற்று மேட்டுப்புறத்தில் இருக்கும். மழை வெறித்து ஓடு நன்றாக உலர்ந்த பின், வழக்கமுள்ள பெரியவர் ஒருவர் ஏணியில் ஏற, மற்றொருவர் ஏணியைப் பிடித்துக்கொள்ள, அவ்வோட்டை மாற்றிவிடலாம்.