கண்ணைப் பிடித்து வைத்திருக்கும் காது

குரோய்டன்,
ஞாயிறு இரவு

அன்புள்ள பிள்ளைக்கு,

நேற்று நடன வகுப்பு முடிந்து விம்பிள்டனிலிருந்து ட்ராமில் வரும்போது நீ கேட்ட கேள்வி என்னோடு வீடுவரை வந்துவிட்டது. போனைக் கையில் பிடித்து ஆட்டினால் எழுத்துக் கலங்குகிறது. போனை அசையாமல் வைத்துக்கொண்டு தலையை அதே வேகத்தில் ஆட்டினால் வாசிக்க முடிகிறது. ஏன் பெரியப்பா என்றாய். நல்ல கேள்வி. ஆனால் அவசரப்பட்டு, "எழுத்து நழுவுவதைக் கண் பார்த்து உடனே சரிசெய்கிறது போல" என்று நீயே பதிலும் சொல்லிவிட்டாய். அதற்குள் கிழக்கு குரோய்டன் வந்துவிட்டது. படித்த பெரியவர்களும் இதையே சொல்லிக்கொண்டு திரிவதால், இந்தப் பதிலை அப்படியே விட எனக்கு மனமில்லை.

கண்ணுக்கு அவ்வளவு வேகம் கிடையாது. விழித்திரையில் படம் நகர்வதை மூளை உணர்ந்து, கண் தசைக்குக் கட்டளை போய்ச் சேர ஏறத்தாழ 100 மில்லிசெக்கன் பிடிக்கும். நீ போனை ஆட்டும்போது கண் அதைத் துரத்திப் பிந்திப்போகிறது. தலையை ஆட்டும்போது பொறுப்பெடுப்பது காது. உட்செவியின் அரைவட்டக் கால்வாய்களில் இருக்கும் திரவம், தலை திரும்பிய கணத்தில் பின்தங்கி, உள்ளே இருக்கும் மெல்லிய தடுப்பை வளைக்கிறது. அந்தச் செய்தி மூன்றே நரம்புக்கலங்களைக் கடக்கிறது: காதிலிருந்து மூளைத்தண்டுக்கு ஒன்று, அங்கிருந்து கண் தசையை ஆளும் கருவுக்கு ஒன்று, தசைக்கு ஒன்று. சுமார் 10 மில்லிசெக்கனில் காரியம் முடிந்துவிடும். கும்மிருட்டில் தலையைத் திருப்பினாலும் கண் எதிர்ப்பக்கம் திரும்புகிறது. நழுவுவதற்கு அங்கே படம் ஏது?

இன்னொன்று. "கண் அசையாமல் நிற்கிறது" என்று எழுதாதே. தலை இடப்பக்கம் பத்துப் பாகை திரும்பினால் கண் வலப்பக்கம் பத்துப் பாகை திரும்புகிறது. நிலையாக நிற்பது பார்வை. கண் ஓயாமல் உழைக்கிறது. பாடப்புத்தகங்கள் காது என்றதும் கேட்பதைச் சொல்லிவிட்டு, சமநிலைக்கு ஒரு பத்தி ஒதுக்கி முடித்துவிடுவது எனக்கு இன்றும் ஆறாத கோபம்.

காதின் இந்தச் சமநிலை உறுப்பு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை ஒரு மருத்துவரே எழுதிவைத்திருக்கிறார். 1952இல் நியூ இங்கிலாந்து ஜேர்னல் ஆஃப் மெடிசின் இதழில், ஜே.சி. என்ற முதலெழுத்துகளோடு வந்த கட்டுரை அது. காசநோய்க்குக் கொடுத்த ஸ்ட்ரெப்டோமைசின் அவருடைய இரு காதுகளின் சமநிலை உறுப்புகளையும் அழித்துவிட்டது. கட்டிலில் படுத்து வாசிக்கும்போது, அவருடைய நாடித்துடிப்பில் தலை அதிரும் அதிர்வே எழுத்துகளைத் துள்ளவைத்தது. கட்டிலின் உலோகக் கம்பிகள் இரண்டுக்கு நடுவே தலையை இறுக்கி வைத்துக்கொண்டுதான் வாசித்தாராம். நடக்கும்போது ஒரு அறிவிப்புப் பலகையின் எழுத்தை வாசிக்க நடையை நிறுத்த வேண்டியிருந்தது. இதை முதன்முதல் வாசித்த இரவு, என் நாடி அடிக்கும் ஒவ்வொரு முறையும் அசையாமல் நின்ற என் புத்தகத்தை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

சமநிலை உணர்வை ஓரளவு இழந்தவர்களுக்கு வழி உண்டு. இங்கிருந்து வடக்கே சில மைலில் இருக்கும் கிங்ஸ் காலேஜ் மருத்துவமனையில், 1940களில் கௌதோர்ன், குக்ஸி என்ற இருவர் தலையையும் கண்ணையும் சேர்த்து அசைக்கும் பயிற்சிகளை வகுத்தார்கள். தலைசுற்றும் நோயாளியைப் படுக்க வைக்காமல் அசையச் சொன்னார்கள். நழுவும் படத்தைக் காட்டிக் காட்டித்தான் சிறுமூளை திருத்தம் கற்கும். உன் அம்மா புதுக் கண்ணாடி போட்டு இரண்டு நாள் தள்ளாடினாளே, அதுவும் இதே பாடம்தான். கிட்டப்பார்வைக் கண்ணாடி உலகத்தைச் சற்றுச் சுருக்குகிறது. கண் பழைய அளவுக்குத் திரும்பினால் அது மிகையாகிவிடும்.

இனி உன் நடனத்துக்கு வருகிறேன். நீ பழகும் அட்டமியில் தலை திரும்புவதில்லை. முகம் நேரே இருக்க, கழுத்து பக்கவாட்டில் வழுக்குகிறது. சுழற்சியே இல்லாததால் அரைவட்டக் கால்வாய்களுக்கு அங்கே வேலை இல்லை. அவற்றின் அருகில் இருக்கும் இரண்டு சிறு பைகளில், பாகு போன்ற படலத்தின்மேல் சுண்ணாம்புப் படிகங்கள் பரவிக்கிடக்கின்றன. தலை வழுக்கும்போது படிகங்கள் பின்தங்குவதை அங்குள்ள மயிர்க்கலங்கள் உணர்கின்றன. இங்கேதான் எனக்குப் பிடித்த நுணுக்கம் இருக்கிறது. தலை திரும்பும்போது தூரத்துப் பொருளுக்கும் கிட்டப் பொருளுக்கும் கண் ஏறக்குறைய ஒரே அளவே ஈடுகொடுக்கிறது. வழுக்கும்போது அப்படியில்லை. தலை 3 சென்டிமீட்டர் நகர்ந்தால், 30 சென்டிமீட்டர் தூரத்துப் பொருளைப் பார்க்கும் கண் கிட்டத்தட்ட 6 பாகை திரும்பவேண்டும்; மண்டபத்தின் கடைசி வரிசையைப் பார்க்கும் கண்ணுக்கு ஒரு பாகைகூட வேண்டாம். ஆக, பார்க்கும் பொருள் எவ்வளவு தூரம் என்பதையும் சேர்த்தே மூளை கணக்குப் போடுகிறது.

நம்பாதே, செய்து பார். நிலைக்கண்ணாடிக்கு ஒரு சாண் தள்ளி நின்று, கண்ணாடியில் தெரியும் உன் கண்ணையே பார்த்தபடி அட்டமி செய். கண்மணி நடுவிலேயே இருக்கும்; பிம்பமும் உன்னோடு நகர்வதால் ஈடுகொடுக்க எதுவுமில்லை. பிறகு கண்ணாடியின் நடுவில் ஒரு ஒட்டுப்பொட்டை ஒட்டு. அதைவிட்டுப் பார்வை விலகாமல் அதே அட்டமியைச் செய். உன்னால் பொட்டையும் கண்மணியையும் ஒரே நேரத்தில் கவனிக்க முடியாது. ஆகவே தம்பியைப் பக்கத்தில் நிறுத்து. தலை இடப்பக்கம் போகும்போது கண்மணி எந்தப் பக்கம் போகிறது, எவ்வளவு போகிறது என்று அவன் சொல்லட்டும். அவன் சொன்னதை எழுதி, சனிக்கிழமை ட்ராமுக்குக் கொண்டு வா.

அன்புடன்,
பெரியப்பா