அயற் கடற்பாசியும் பவழப் பாறையும்

கோரையைப் பிடுங்கினாலும் கிழங்கு மண்ணில் நின்று மறுபடி முளைப்பதைக் குடியானவர் அறிவர். அத்தகைய தொல்லை கடலிலும் உண்டு.

பிலிப்பைன்ஸ் கடல்களுக்கு உரிய கப்பாபைகஸ் என்னும் செம்பாசி, காரகீனன் என்ற கூழ்ப்பொருளுக்காக இராமநாதபுரம் ஜில்லாக் கரையோரம் மூங்கில் மிதவைகளில் பயிரிடப்படுகிறது. சுமார் 45 நாட்களில் அறுவடைக்கு வருவதால் பல குடும்பங்களுக்கு இதுவே ஜீவனம்.

ஆயினும், மன்னார் வளைகுடாவின் குருசடைத் தீவருகே இப்பாசி பவழப் பாறைகளின்மேல் படர்ந்திருப்பது 2008-ஆம் ஆண்டில் வெளியான ஆராய்ச்சியால் தெரியவந்தது. பாசி மூடிய பவழம் வெளிச்சமின்றி மாண்டுபோகும்; அதனை அண்டி வாழும் மீனும் குறையும்.

படர்ந்தபின் களைவது எளிதன்று. பிடுங்கும்போது சிதறும் துண்டுகளும், பாறையைப் பற்றி நிற்கும் அடிப்பாகமும் மீண்டும் தழைக்கும். 1970-களில் இப்பாசி கொணரப்பட்ட ஹவாய்த் தீவுகளில், பிற்காலத்தில் அதனை உறிஞ்சியெடுக்கும் யந்திரங்களும், எஞ்சியதை மேயக் கடல் முள்ளெலிகளும் தேவைப்பட்டன.

ஆகவே பயிரிடுவோர் கவனிக்க வேண்டியவை:

1. பவழப் பாறை உள்ள இடத்தருகே மிதவை விடலாகாது.

2. மிதவையின் அடியில் வலை கட்டி, அறுந்து விழும் துண்டுகளைத் தடுத்தல் வேண்டும்.

3. பெருங்காற்றுக் காலத்திற்கு முன்பே அறுவடை முடித்து மிதவைகளைக் கரையேற்றுக.

4. கழிவுப் பாசியைக் கடலில் எறியாது கரையிலேயே உலர்த்துக.

5. பாறையில் இப்பாசியைக் கண்டால், தாமே பிடுங்காமல் வன இலாகாவுக்கு உடனே அறிவிக்கவும்.

பாசி ஒன்றரை மாதத்தில் விளையும். பவழப் பாறை உருவாகப் பல்லாயிரம் ஆண்டுகள் செல்லும். கரையில் வாழ்வோர்க்கு இரண்டும் வேண்டும்.