பினாங்கிலிருந்து சென்னைக்கு எத்தனை மில்லிவினாடி?

இணைய விளையாட்டில் தோற்றவுடன் நம் விடுதியில் பலரும் சொல்லும் முதல் சொல் 'லேக்'. அடுத்து வருவது, "இன்டர்நெட் ஸ்பீட் போதவில்லை." முதலாவது பல வேளைகளில் உண்மைதான். இரண்டாவது பெரும்பாலும் தவறு.

பட்டர்வொர்த்திலிருந்து ஜார்ஜ்டவுனுக்கு வரும் ஃபெரியை எண்ணிப் பாருங்கள். இரு மடங்கு பெரிய ஃபெரியை விட்டால் ஒரே நடையில் இரு மடங்கு ஆட்களை ஏற்றலாம்; கடலைக் கடக்கும் நேரம் குறையாது. இணையச் சேவை விளம்பரங்களில் வரும் 'எம்பிபிஎஸ்' என்பது ஃபெரியின் அளவு. 'பிங்' என்பது அக்கரை போய்த் திரும்பும் நேரம். படம் பார்ப்பவருக்கு அளவு முக்கியம். விளையாடுபவர் அனுப்பும் தரவோ மிகச் சிறியது. அது உடனே போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான். ஃபெரி ஏறக் காத்திருக்கும் வரிசையும் உண்டல்லவா? அறைத்தோழர் ஒரு பெரிய கோப்பைப் பதிவிறக்கும்போது நம் தரவு அந்த வரிசையில் நிற்கிறது. அளவு கூடினால் பயன் தருவது இந்த ஓர் இடத்தில்தான்.

கண்ணாடி இழைக்குள் ஒளி வினாடிக்கு ஏறக்குறைய 200,000 கிலோமீட்டர் செல்கிறது. பினாங்கிலிருந்து சிங்கப்பூர் நேர்க்கோட்டில் சுமார் 600 கிலோமீட்டர். ஆகவே போய்வரக் குறைந்தது 6 மில்லிவினாடி. சென்னை ஏறத்தாழ 2,350 கிலோமீட்டர். 23 மில்லிவினாடிக்கு மேல். வடங்கள் நேர்க்கோட்டில் போவதில்லை என்பதால் உண்மையான நேரம் இன்னும் கூடும். எந்தப் பேக்கேஜ் வாங்கினாலும் இந்தக் கீழெல்லை குறையாது.

இத்தனைக்கும் கடலடி வடம் நம் துறைமுகத்துக்குப் புதிதல்ல. 1870-இல் மதராஸிலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்குத் தந்தி வடம் போடப்பட்டது. 1997-இல் 'ஃபிளாக்' வடமும், 2002-இல் கொச்சியோடு நம்மை இணைத்த 'சேஃப்' வடமும் இங்கே கரையேறின. ஆனால் வடம் நம் வாசலில் ஏறியதால் ஆட்டம் நம் வாசலில் நடந்துவிடாது. சர்வர் எங்கே இருக்கிறதோ அங்கேதான் ஆட்டம். தென்கிழக்காசியாவுக்கு அது பெரும்பாலும் சிங்கப்பூர்.

யாரோடு யார் மோதுவது என்பதை 'மேட்ச்மேக்கிங்' முடிவு செய்கிறது. சம திறமை, குறைந்த தூரம், குறைந்த காத்திருப்பு ஆகிய மூன்றையும் ஒரே நேரத்தில் பெறுவது அரிது. பின்னிரவில் ஆட்கள் குறைந்தால் ஏதாவது ஒன்றை விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும். திறமையை எண்ணாக்கும் முறைக்கு முன்னோடி, 1970-இல் உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு ஏற்ற ஈலோ தரவரிசை. சதுரங்கத்தில் காய் நகர்த்தும் கைக்கும் பலகைக்கும் இடையில் கம்பி இல்லை. இங்கே இருக்கிறது. கெடாவின் தோட்டப்புறத்திலிருந்து வந்த என் நண்பர் ஒருவர் வீட்டில் விளையாடியவரை கீழ்த்தரத்திலேயே கிடந்தார். விடுதிக்கு வந்த ஒரே பருவத்தில் தரம் மளமளவென ஏறியது. கை அதே கைதான்! பல்கலைக்கழக அணிக்கு ஆள் எடுப்பவர்கள் அந்த எண்ணை மட்டும் பார்ப்பது சரியல்ல என்பேன்.

தாமதத்தைச் சரிக்கட்டும் உத்திகளும் உண்டு. வால்வ் நிறுவனத்தின் யான் பெர்னியர் 2001-இல் விளக்கிய முறை சுவையானது. நீங்கள் சுட்டதும் சர்வர் காலத்தைச் சற்றுப் பின்னோக்கி ஓட்டி, உங்கள் திரையில் எதிரி எங்கே தெரிந்தார் என்று பார்த்து முடிவு சொல்லும். சுடுபவருக்கு நியாயம். ஆனால் எதிரி அதற்குள் சுவருக்குப் பின்னால் ஒளிந்திருப்பார். ஒளிந்த பிறகு செத்து விழுவார். இருவரும் தத்தம் திரையில் கண்டது உண்மையே. தாமதம் மறையவில்லை, கைமாறியது.

சென்னையில் மருத்துவம் படிக்கும் என் அத்தை மகனோடு ஒரே அணியில் ஆடும்போதும் இதே கணக்குதான். சிங்கப்பூர் சர்வர் என்றால் 2,900 கிலோமீட்டர் சுமை அவருக்கு; மும்பை என்றால் சுமை எனக்கு. அதனால் ஒரு நாள் சிங்கப்பூர், மறுநாள் மும்பை என்று மாற்றிக்கொள்கிறோம். மும்பை நாளில் முன்னே போய்ச் சுடும் வேலை அவருடையது. நான் பின்னால் நின்று வரைபடத்தைப் பார்த்து வழி சொல்கிறேன்.