ஈழத்து யாத்திரை: பொலன்னறுவையே முதலில்

மதகும் வாய்க்காலும் கற்றளியும் கண்டு வளர்ந்த காவிரிக்கரைக்காரர் இலங்கைக்குப் புறப்படுவாராயின், ஊரெல்லாம் புகழும் கண்டியையும் சிகிரியாவையும் பின்னுக்குத் தள்ளிவிட்டு, பிரயாணத்தின் பெரும்பகுதியைப் பொலன்னறுவைக்கே ஒதுக்கவேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம்.

போகும் மார்க்கத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குப் போகும் கப்பல் 2023 அக்டோபரில் மீண்டும் தொடங்கியது. மழைக்காலத்தில் நின்றுவிடும், விசாரித்துக்கொள்ளுங்கள். திருச்சியிலிருந்து கொழும்புக்கு விமானம் உண்டு. யாழ்ப்பாணத்திலிருந்து அநுராதபுரம் வரை ரயில், அப்பால் பஸ். புராதன நகரங்களுக்கு நுழைவுக் கட்டணம் அதிகம். சார்க் நாட்டினருக்குப் பாதி என்பதால் பாஸ்போர்ட் கையோடு இருக்கட்டும்.

பொலன்னறுவையில் வாடகைச் சைக்கிள் எடுத்துக்கொண்டு, வெயில் ஏறுமுன்னே வடக்கு நோக்கிச் செல்லுங்கள். 'இரண்டாம் சிவ தேவாலயம்' என்று பலகை எழுதி நிறுத்தியிருக்கிறார்களே, அதுதான் வானவன் மாதேவீச்சரம். குத்தாலத்தில் செம்பியன் மாதேவியார் கற்றளியாக எடுப்பித்த திருத்துருத்திக் கோயிலை நித்தியம் வலம் வந்தவர்கள், ராஜராஜன் காலத்தில் தொடங்கி 1070 வரை சோழர் ஆட்சி நிலவி, ஜனநாதமங்கலம் என்ற நாமமும் பூண்டிருந்த அந்நகரில், அதே சிற்ப மரபில் எழுந்த விமானம் சிகரத்தோடு நிற்பதையும், சுவரில் தமிழ்க் கல்வெட்டு ஓடுவதையும் காணும்போது அடையும் பரவசத்தை நான் எப்படி வர்ணிப்பேன்! கல் விகாரையில் பள்ளிகொண்ட புத்தரின் சாந்தமும் அற்புதமே.

மாலைப்பொழுதைப் பராக்கிரம சமுத்திரத்தின் கரைக்குக் கொடுங்கள். பன்னிரண்டாம் நூற்றாண்டில் முதலாம் பராக்கிரமபாகு, பழைய ஏரிகளை இணைத்து, ஏறத்தாழ 14 கிலோமீட்டர் நீளத்துக்கு அணைகட்டித் தேக்கிய அந்நீர் இன்றும் வயலுக்குப் பாய்கிறது. கடைமடைக்குத் தண்ணீர் வருமா என்று ஏங்கும் நம் விவசாயி ஒவ்வொருவரும் ஒருமுறை தரிசிக்க வேண்டிய தீர்த்தம் அது.

சிகிரியாவில் படிக்கட்டை அடைத்து நிற்கும் ஜனத்திரளின் முதுகைத்தான் பார்க்கமுடிகிறது, விட்டுவிடலாம். கண்டியிலோ, தலதா மாளிகைக்கு என்று பேசி ஏற்றிக்கொண்ட முச்சக்கர வண்டிக்காரர், இன்று கோயில் திறக்கவில்லை என்று கூசாமல் பொய்சொல்லி, ஒரு ரத்தினக்கல் கடை வாசலில் எங்களை இறக்கினார். உடன்வந்த முதிய அம்மையார், பூஜைக்கென்று வாங்கிய தாமரைகள் மடியிலேயே வாட, கண்கலங்கிய காட்சியை நினைத்தால் இப்போதும் நெஞ்சு கொதிக்கிறது. அங்கே தரகர் எவர் பேச்சையும் நம்பாமல், ஏரிக்கரை வழியே நடந்தே செல்லுங்கள்.

திரும்புமுன் கொழும்பு அருங்காட்சியகத்துக்கு ஒரு முற்பகல் போதாது, முழுப்பகல் கொடுங்கள். பொலன்னறுவை மண்ணிலிருந்து எடுத்த செப்புத் திருமேனிகளும், 1911இல் காலியில் கிடைத்த, சீனம், தமிழ், பாரசீகம் என மும்மொழியில் பொறித்த கல்லும் அங்கே இருக்கின்றன. பசித்தால் வெள்ளவத்தைக்கு வாருங்கள். நல்ல சைவச் சாப்பாடு கிடைக்கும்.