கணினி படிக்கும் மகளுக்கு உதவித்தொகை: விண்ணப்பம் தள்ளுபடியாகாமல் இருக்க

பொறியியல் பட்டமோ டிப்ளமோவோ, கணினிப் பிரிவில் சேரும் மாணவிகளுக்கு அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் (ஏ.ஐ.சி.டி.இ.) 'பிரகதி' திட்டம் ஆண்டுக்கு ரூ.50,000 தருகிறது. குடும்ப ஆண்டு வருமானம் ரூ.8 லட்சத்தைத் தாண்டக் கூடாது. ஒரு வீட்டில் இரண்டு பெண்கள் வரை பெறலாம். தகுதியுள்ள பிள்ளை சில்லறைத் தவறால் இதை இழக்கவே கூடாது.

1. முதலாண்டிலேயே தேசிய உதவித்தொகை இணையதளத்தில் விண்ணப்பியுங்கள். டிப்ளமோ முடித்து நேரடியாக இரண்டாமாண்டு சேர்ந்தவர்களுக்கு அந்த ஆண்டுதான் வாய்ப்பு.

2. ஆதார், மதிப்பெண் பட்டியல், வங்கிப் புத்தகம் மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பெயரை எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். ஒன்றில் 'கவிதா எஸ்', இன்னொன்றில் 'கவிதா சுப்பிரமணியன்' என்றிருந்தால் சிக்கல்தான். நம் ஊரில் இனிஷியல் படுத்தும் பாடு பெரிது. திருத்தம் கைக்கு வர நாளாகும். சேர்க்கைக்கு முன்பே முடித்துவிடுங்கள்.

3. வருமானச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள். கடைசி வாரத்தில் அலைச்சல் அதிகம்.

4. மகள் பெயரிலுள்ள கணக்கில் ஆதாரை இணையுங்கள். பணம் நேராக அங்கேதான் வரும்.

5. விண்ணப்பித்ததும் கல்லூரி அலுவலகத்தில் போய்க் கேளுங்கள். அவர்கள் சரிபார்க்காத விண்ணப்பம் நகராது. வேறு அரசு உதவித்தொகை வாங்கினால் அதையும் அப்போதே சொல்லித் தெளிவுபெறுங்கள்.

6. ஒவ்வோர் ஆண்டும் மறக்காமல் புதுப்பியுங்கள், தானாகத் தொடராது.